ஒரு அணா, ஒரு ஜோடி வளையல், ஒரு செக்: ராமேஸ்வரம் வீட்டுக் கணக்கு



அப்துல் கலாம் பேரைச் சொன்னதும் நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் என்ன வரும்? சூரிய உதயம் படம், கீழே அவர் சொன்னதாக ஒரு வாசகம். அதில் அவர் சொல்லாததும் நிறைய இருக்கும். படிச்சுட்டு ஒரு ஹார்ட் போட்டுட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிடுவோம்.

எனக்கு அவருடைய ராக்கெட் பற்றிப் பேசத் தகுதி கிடையாது. நான் படிச்சது சிஏ. ஆனா அவர் எழுதியதையும், மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்னதையும் ஒரு கணக்குப்பிள்ளை கண்ணோட படிச்சா, அதில் ஒரு வீட்டுக் கணக்கு நோட்டே கிடைக்கும். யார் எவ்வளவு சம்பாதிச்சாங்க, எது அடகுக்குப் போச்சு, எது புயலில் போச்சு, யார் காசை யார் கொடுத்தாங்க, எல்லாம் இருக்கு. சம்பளம் வாங்க ஆரம்பிச்சு மூணு நாலு வருஷம் ஆன நமக்கு அந்த நோட்டு ரொம்பவே பக்கத்தில் இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

முதல் வரவு: ஒரு அணா

கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15, ராமேஸ்வரம். வீடு மசூதித் தெருவில். 1939-ல் இரண்டாம் உலகப் போர் ஆரம்பிச்சப்போ அவருக்கு எட்டு வயசு ஆகப்போகிற சமயம். அந்தச் சமயத்தில் திடீர்னு புளியங்கொட்டைக்கு ஒரு கிராக்கி. பொறுக்கிக் கொண்டுபோய் அதே தெருவில் இருந்த மளிகைக் கடையில் போட்டால், ஒரு நாள் பொறுக்கியதுக்கு ஒரு அணா கிடைச்சிருக்கு.

ஒரு அணான்னா ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. இந்தத் தொகையை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்சம் கழிச்சுத் தேவைப்படும்.

அடுத்தது பேப்பர் வேலை. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஆனா அதில் இருக்கிற தொழில் விஷயத்தை நாம சரியாகப் பார்க்கிறதில்லை. அவருடைய உறவினர் சம்சுதீன்தான் ராமேஸ்வரத்துக்கே ஒரே பேப்பர் ஏஜென்ட். படிக்கத் தெரிஞ்சவங்க சுமார் ஆயிரம் பேர் இருந்த ஊர். தினமணிக்குத்தான் மவுசு. பேப்பர் காலையில் பாம்பன் பக்கமிருந்து வரும் ரயிலில் வந்துகொண்டிருந்தது. போர்க்கால நெருக்கடியில் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதையே நிறுத்திவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில், ஓடுகிற ரயிலிலிருந்தே பேப்பர் கட்டுகளைத் தூக்கி வெளியே வீசினார்கள். அதைப் பிடிக்க சம்சுதீனுக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் பள்ளிக்கூடப் பையன் கலாம்.

இப்போ பேப்பர் வாங்குறவர் பக்கம் நின்னு யோசிங்க. ரயில் நிற்கவில்லை என்பது அவருக்கு எதுக்குத் தெரியணும்? அவருக்கு காலையில் பேப்பர் வரணும். அவ்வளவுதான். சப்ளை பக்கம் ஒரு போரே நடந்துக்கிட்டிருக்கு. கஸ்டமர் வீட்டுத் திண்ணையில் பேப்பர் விழுது. நம்ம ஆபீஸ்ல பாதி மெயில் எப்படி ஆரம்பிக்குது? "சர்வர் டவுன் ஆகியிருந்ததால்", "அந்த டீம் இன்புட் தராததால்". காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனா கேட்டவருக்கு வேணும்ங்கிறது ரிப்போர்ட், காரணம் இல்லை.

இன்னொரு சுவாரஸ்யம். அந்த ஊர் ஆட்கள் பேப்பர் வாங்கிய காரணங்களைக் கலாமே சொல்லியிருக்கார். சிலருக்கு சுதந்திரப் போராட்டச் செய்தி வேணும். சிலருக்கு ராசிபலன். சிலருக்கு மெட்ராஸில் தங்கம் வெள்ளி விலை என்னன்னு தெரியணும். ஒரே தாள், ஒரே விலை, வாங்குற காரணம் மட்டும் வேற வேற. நீங்க அனுப்புற ஒரே எக்செல் ஷீட்டில் உங்க மேனேஜருக்கு வேண்டியது கடைசி வரி டோட்டல். ஃபைனான்ஸ் டீமுக்கு வேண்டியது ஜிஎஸ்டி காலம். கிளையன்ட்டுக்கு வேண்டியது தேதி. இது புரிஞ்சவங்களுக்கு அப்ரைசல் கொஞ்சம் சுலபமாக இருக்கும்னு என் அனுபவம்.

அந்தப் பையனோட ஒரு நாளைப் பாருங்க. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா ஆஷியம்மா எழுப்பிவிடுவார். குளிச்சுட்டு கணக்கு ட்யூஷன். அந்த ஆசிரியர் காசு வாங்காமல் அஞ்சே பேருக்குத்தான் சொல்லித்தருவார், குளிக்காமல் வந்தால் உட்கார விடமாட்டார். அப்புறம் தொழுகை, அரபிப் பாடம். அதுக்கப்புறம் மூணு கிலோமீட்டர் தள்ளி இருந்த ரயில் பாதைக்குப் போய் பேப்பர் கட்டு. பிறகு பள்ளிக்கூடம். மோட்டிவேஷன்னு நாம யூடியூபில் தேடுறது அந்த வீட்டில் ஒரு அம்மா நாலு மணிக்கு எழுப்புறதுல இருந்திருக்கு.

கடையில் எது அதிகமா ஓடுது?

சகோதரர் முஸ்தபா கமால் ரயில்வே ஸ்டேஷன் சாலையில் மளிகைக் கடை வச்சிருந்தார். கலாமைக் கூப்பிட்டு கல்லாவில் உட்கார வச்சுட்டு அவர் மணிக்கணக்காகக் காணாமல் போயிடுவாராம். அண்ணன் தம்பி இருக்கிற எல்லா வீட்டிலும் நடக்கிற கதை! இன்னொரு சகோதரர் காசிம் முகமதுவுக்கு சங்கு, சிப்பிப் பொருள் விற்கும் சின்னக் கடை. அங்கேயும் சில நேரம் இவர்தான் ஆள்.

மளிகைக் கடையில் எண்ணெய், வெங்காயம், அரிசி எல்லாம் விற்றார். ஆனா வேகமாக விற்றுத் தீர்ந்தது சிகரெட்டும் பீடியும்தான் என்று அந்தப் பையன் கவனிச்சான். கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச காசை ஏழை ஜனங்க ஏன் இப்படிப் புகையாக விடுறாங்கன்னு யோசிச்சதாக எழுதியிருக்கார்.

கல்லாவில் உட்கார்ந்தவங்களுக்கு மட்டும் தெரியும் ஒரு உண்மை இது. பெரிய மூட்டை அரிசி மாசம் ஒரு தரம். சின்னப் பாக்கெட் தினம் ஆறு தரம். உங்க யுபிஐ ஸ்டேட்மென்டை எடுங்க. எல்லாரும் தொகை வாரியாக அடுக்கிப் பார்ப்பாங்க. வாடகை, ஈஎம்ஐ, கரண்ட் பில் மேல வரும், "நான் என்ன வீணாவா செலவு பண்றேன்"னு மூடி வச்சிடுவாங்க. நீங்க அதை எண்ணிக்கை வாரியாக அடுக்குங்க. ஒரே கடைக்கு, ஒரே ஆப்புக்கு ஒரு மாசத்தில் எத்தனை தரம் காசு போயிருக்குன்னு பாருங்க. உங்க கடையில் எது பீடி, எது அரிசின்னு அஞ்சு நிமிஷத்தில் தெரிஞ்சிடும்.

அதை எஸ்ஐபியில் போட்டிருந்தா பத்து வருஷத்தில் எத்தனை லட்சம்ங்கிற கணக்கை நான் போடப்போறதில்லை. அதை எல்லாரும் போட்டுட்டாங்க. டீ குடிக்கிறதை நிறுத்தச் சொல்ற ஆளும் நான் இல்லை.

படகு

கலாமின் அப்பா ஜெயினுலாப்தீன் ஒரு படகு கட்டினார். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் யாத்ரீகர்களை ஏற்றிப்போகும் தொழில். காசியிலிருந்தும் எங்கெங்கிருந்தோ வரும் பக்தர்கள் கடலில் நீராடப் போகணும். இவர் மசூதித் தெருக்காரர், அவங்களைக் கூட்டிப்போனார். கடற்கரையில் மரத்தை வளைச்சுப் பொருத்திப் படகு உருவாகிறதை அந்தச் சின்னப் பையன் பக்கத்தில் நின்னு பார்த்திருக்கார். தொழில் நல்லாவே ஓடிச்சு. ஒரு நாள் புயல் வந்து படகைக் கொண்டுபோயிடுச்சு.

அந்தக் கரையில் புயல்னா என்னன்னு தெரிஞ்சுக்க 1964 டிசம்பர் 22 ராத்திரியை நினைச்சால் போதும். ரயில் ஸ்டேஷன், கஸ்டம்ஸ், போஸ்ட் ஆபீஸ், இலங்கைத் தலைமன்னாருக்குக் கப்பல் என்று இருந்த தனுஷ்கோடி அந்த ஒரு ராத்திரியில் முடிஞ்சுபோச்சு. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அதில் இருந்தவர்களோடு போனது. இப்பவும் அங்கே இடிஞ்ச சர்ச் சுவர் முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கிறோம்.

படகு போனதும் அப்பா உட்கார்ந்துவிடவில்லை, தொழிலை மறுபடி எழுப்பினார். இதுவரைக்கும் மோட்டிவேஷன் வீடியோவில் சொல்லிடுவாங்க. அவங்க சொல்லாமல் விடுற ஒரு சின்ன விஷயம் இருக்கு: அந்தக் குடும்பத்துக்கு வீட்டிலிருந்து நாலு மைல் தூரத்தில் ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருந்தது. விடியற்காலைத் தொழுகை முடிஞ்சதும் அப்பா அங்கே நடந்துபோய், பத்துப் பன்னிரண்டு தேங்காயைத் தோளில் கட்டித் தூக்கிக்கிட்டு வருவார். வயசு அறுபதைத் தாண்டின பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்ததாம். படகு மூழ்கினால் தோப்பு மூழ்காது. அவ்வளவு எளிமையான டைவர்சிஃபிகேஷன்.

நம்ம படகு எது? வேலை. ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். அதோட போகட்டும்னா இல்லை, நம்ம மெடிக்கல் இன்சூரன்ஸும் அதே படகில், டெர்ம் கவரும் அதே படகில். சிலர் கையிருப்பு முழுக்க அதே கம்பெனியின் ஷேராக இருக்கும். வேலை போற அன்னைக்கு, அம்மா அப்பாவுக்கு இருந்த குரூப் மெடிக்கல் பாலிசியும் போயிடும். ஐடி கம்பெனிகளில் ஆள்குறைப்பு நடந்தப்போ நிறைய பேர் இதைத்தான் லேட்டாக உணர்ந்தாங்க.

அதனால மூணு விஷயம் மட்டும் சொல்றேன். ஆறு மாசச் செலவுக்கான காசு, சம்பளம் வராத வேற பேங்க் கணக்கில் இருக்கட்டும். அதை ஃபண்டில் போட்டு விளையாடாதீங்க. அப்பா அம்மாவுக்கு கம்பெனி பாலிசியை நம்பாமல் தனியாக ஒரு மெடிக்கல் பாலிசி. வேலையை விடப்போறீங்கன்னா, கடைசி நாளுக்கு முன்னாடியே எச்ஆரிடம் கேளுங்க. குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விதிகளில் வழி இருக்கு. வெளியே வந்த பிறகு கேட்டால் ரொம்ப லேட்.

வளையல்

நோட்டில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வச்ச பக்கம் இதுதான்.

ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, பி.எஸ்சி. எல்லாம் முடிச்சுட்டு 1954-ல் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் இடம் கிடைக்குது. நம்ம குரோம்பேட்டை எம்ஐடி. சேர்வதற்குச் சுமார் 1,000 ரூபாய் வேணும். அப்பாவிடம் அவ்வளவு இல்லை.

இப்போ அந்த ஒரு அணாவைத் திரும்ப எடுங்க. 1,000 ரூபாய்னா 16,000 அணா. தினம் ஒரு அணாவுக்குப் புளியங்கொட்டை பொறுக்கினால், லீவே இல்லாமல் கிட்டத்தட்ட 44 வருஷம் பொறுக்கணும். கடின உழைப்பு மட்டும் போதும்னு சொல்றவங்க இந்த வகுத்தல் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம். உழைப்பு வேணும். அதோட சரியான நேரத்தில் ஒருத்தர் மூலதனம் போடணும்.

போட்டது சகோதரி ஜொஹாரா. தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வச்சு அந்தக் காசைக் கொடுத்தார். என் சொந்தச் சம்பாத்தியத்தில் இந்த வளையலை மீட்டுத் தருவேன்னு கலாம் மனசுக்குள் உறுதி எடுத்துக்கிட்டார். அப்போ அவருக்குச் சம்பாதிக்க இருந்த ஒரே வழி, நல்லாப் படிச்சு ஸ்காலர்ஷிப் வாங்குறது.

எம்ஐடியில் ஒரு கதை உண்டு, கேள்விப்பட்டிருப்பீங்க. தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒண்ணை வடிவமைக்கும் ப்ராஜெக்ட். பேராசிரியர் சீனிவாசனுக்கு முன்னேற்றம் திருப்தியாக இல்லை. ஒரு மாசம் டைம் கேட்கிறார் கலாம். வெள்ளிக்கிழமை மதியம், திங்கள் காலைக்குள் வரைபடம் மேசையில் இல்லைன்னா ஸ்காலர்ஷிப் கட், அப்படின்னுட்டார் பேராசிரியர். அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் வரைபலகை முன்னாடி உட்கார்ந்திருக்கார். ஞாயிற்றுக்கிழமை யாரோ பின்னாடி நிற்கிற மாதிரி இருக்கேன்னு திரும்பினா, டென்னிஸ் விளையாடிட்டு அதே உடையில் வந்த பேராசிரியர் பார்த்துக்கிட்டு நிற்கிறார். வேலை கிட்டத்தட்ட முடிஞ்சிருந்தது. கட்டிப்பிடிச்சுத் தட்டிக்கொடுத்தார்.

டெட்லைன் கதையாக இதை எல்லா கார்ப்பரேட் ட்ரெயினிங்கிலும் சொல்றாங்க. ஆனா ஒரு வரி விட்டுப்போகுது. ஸ்காலர்ஷிப் போனால் என்ன ஆகும்? படிப்பு போகும், வளையலும் மீளாது. அந்த ரெண்டு ராத்திரி முழிப்புக்கு முழுக் காரணமும் ஆர்வம் மட்டுமாக இருந்திருக்காதுன்னு எனக்குத் தோணுது. ராமேஸ்வரத்தில் ஒரு பெண்ணோட கை வெறுங்கையாக இருந்தது.

1958-ல் முதல் வேலை, டெல்லியில், சீனியர் சயின்டிஃபிக் அசிஸ்டன்ட். அடிப்படைச் சம்பளம் மாசம் 250 ரூபாய். அதாவது அந்த 1,000 ரூபாய் என்பது, நாலு வருஷம் கழிச்சு அவர் வாங்கப்போற சம்பளத்தில் நாலு மாசம் முழுசாக. இந்த வேலையே இரண்டாவது விருப்பம்தான். அவர் ஆசைப்பட்டது விமானப்படை. டேராடூனில் 25 பேர் தேர்வுக்குப் போனதில் எட்டு பேர் எடுத்தாங்க, இவர் ஒன்பதாவது. நொந்துபோய் ரிஷிகேஷ் வரைக்கும் போயிட்டு டெல்லிக்குத் திரும்பினால், இன்னொரு இன்டர்வியூவின் ஆர்டர் காத்திருந்தது. ஒரே இடத்துக்கு மட்டும் அப்ளை பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நம்ம விஷயத்துக்கு வருவோம். உங்களில் எத்தனை பேர் படிப்புக்கு அம்மாவோட தாலிச்செயின், அக்காவோட கல்யாண நகை பேங்குக்குப் போயிருக்கு? தெற்குச் சீமையில் இதைக் கேட்டால் பாதி அறை தலை குனியும். எஜுகேஷன் லோன் எவ்வளவு பாக்கின்னு கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்றவங்க, நகை எங்கே இருக்கு, எவ்வளவுக்கு வச்சாங்க, வட்டி யார் கட்டுறாங்கன்னு கேட்டால் "அப்பா பார்த்துக்கிறார்"னு சொல்லுவாங்க.

கணக்குப்படி அது உங்க கடன். உங்க பேலன்ஸ் ஷீட்டில் இடது பக்கம் வரவேண்டியது. எழுதி வைக்காததால் அது இல்லைன்னு ஆகாது. மாசம் ஒரு சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு வச்ச நகை. ஒவ்வொரு வருஷமும் வட்டியைக் கட்டாமல் அசலோட சேர்த்து மறு அடகு வச்சா, ரெண்டு வருஷத்தில் வட்டி மட்டும் 25,440 ரூபாய். அப்பா வட்டியை மட்டும் கட்டிக்கிட்டு வந்தாலும் வருஷத்துக்கு 12,000 போகுது, அசல் அப்படியே நிற்குது. தவணை தவறினால் ஏலம். ஏல நோட்டீஸ் உங்க பெங்களூரு பிஜிக்கு வராது, ஊர் வீட்டுக்குத்தான் வரும்.

முதல் வருஷச் சம்பளத்தில் எதை முதலில் பண்ணணும்னு கேட்டால் என் வரிசை இது: கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதுதான் முதல், ஏன்னா அதன் வட்டி வருஷத்துக்கு 36, 40 சதவீதம்னு போகும். அடுத்தது நகை. அதுக்கப்புறம்தான் எஸ்ஐபி. 12 சதவீத வட்டிக்கு நகையை விட்டு வச்சுட்டு, 12 சதவீதம் கிடைக்கலாம்ங்கிற ஃபண்டில் போடுறது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படலை. வட்டி நிச்சயம், லாபம் நிச்சயமில்லை. எஜுகேஷன் லோன் வட்டி குறைவுன்னா அது மெதுவாகப் போகட்டும். பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு அந்த வட்டிக்கு எட்டு வருஷம் வரை வருமானத்திலிருந்து கழிவும் உண்டு. புதிய வரி முறையில் கிடையாது.

இன்னொண்ணு. நகையைத் திருப்பினால் பணத்தை அப்பா ஜிபேக்கு அனுப்பிட்டு விடாதீங்க. முடிஞ்சா லீவு போட்டு நீங்களே பேங்குக்குப் போங்க. ரசீதைக் கொடுத்து நகையை எடை பார்த்து வாங்கி, அம்மா கையில் கொடுங்க.

அப்பா அடிச்ச அடி

சுதந்திரம் வந்த சமயம் ராமேஸ்வரத்தில் பஞ்சாயத்துத் தேர்தல். ஜெயினுலாப்தீன் ஜெயிச்சுத் தலைவரும் ஆனார். ஒரு நாள் கலாம் வீட்டில் சத்தமாகப் படிச்சுக்கிட்டிருந்தார். யாரோ வந்து அப்பா இருக்காரான்னு கேட்கிறார். தொழுகைக்குப் போயிருக்கார்னு பையன் சொல்ல, ஒரு பொட்டலத்தை நீட்டுகிறார். கட்டிலில் வச்சுட்டுப் போகச் சொல்லிட்டு இவர் படிப்பைத் தொடர்ந்தார். அப்பா வந்து பிரிச்சுப் பார்த்தால் விலையுயர்ந்த வேட்டி, அங்கவஸ்திரம், பழம், இனிப்பு. அப்பாவுக்கு வந்த கோபத்தில் மகன் முதல் முறையாக அடி வாங்கினார். அழுத பையனை அப்புறம் பக்கத்தில் உட்கார வச்சு, பதவியில் இருக்கிறவனுக்கு வரும் பரிசுக்குப் பின்னால் எப்பவும் ஒரு காரணம் இருக்கும்னு சொல்லிக்கொடுத்தார். இந்தச் சம்பவத்தைக் கலாம் ஜனாதிபதியான பிறகும் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தார்.

2006 மே மாசம். ஜனாதிபதி மாளிகைக்கு ராமேஸ்வரத்திலிருந்து சொந்தக்காரங்க அம்பது பேருக்கு மேல் வந்தாங்க, தொண்ணூறு வயசு அண்ணன் உட்பட. ஒரு வாரம் தங்கல். டெல்லி சுத்திப் பார்க்க வாடகை பஸ். அரசாங்கக் காரை எடுக்கவில்லை. அவங்க குடிச்ச டீ வரைக்கும் தனியாகக் கணக்கு எழுதச் சொல்லி, அவங்க ஊருக்குத் திரும்பினதும் மொத்தம் 3.52 லட்சம் ரூபாயைக் கலாம் தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்டினார். அப்போ செயலாளராக இருந்த பி.எம்.நாயர் இதை வெளியே சொல்லும் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

பிளஸ் ஒன் அக்கவுண்டன்சி முதல் பாடத்திலேயே இது வரும். நிறுவனம் வேறு, அதை நடத்துறவர் வேறு. ரெண்டு பேர் காசும் கலக்கக்கூடாது. பரீட்சையில் ரெண்டு மார்க். வாழ்க்கையில் அந்த மாளிகையில் 340 அறை இருக்கு, சொந்தக்காரங்க தங்கினதுக்கு யார் கேள்வி கேட்கப்போறாங்க? யாரும் கேட்கலை. அவரே பில் கேட்டு வாங்கினார்.

நம்ம அளவு என்ன? டாக்ஸி பில். ஆடிட் வேலையில் அடிக்கடி பார்க்கிற ஒண்ணு, கிளையன்ட் விசிட்னு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு டாக்ஸி ரசீது. இறங்கின இடம் ஒரு மால். தொகை 380 ரூபாய். அந்த 380-க்காக எந்தக் கம்பெனியும் வேலையை விட்டு அனுப்பாது. ஆனா அந்த ஒரு ரசீது கண்ணில் பட்டால், அந்த ஊழியரோட ரெண்டு வருஷ ரசீதையும் எடுத்துப் பார்ப்போம். அப்படித்தான் எங்க தொழில்.

அதை விடப் பெரிசு வாடகை ரசீது. பழைய வரி முறையில் எச்ஆர்ஏ கேட்கிறதுக்காக மாமா வீட்டில் சும்மா தங்கிக்கிட்டு மாசம் 15,000 வாடகைன்னு எழுதுறாங்க. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு ஓனரின் பான் கொடுக்கணும். கொடுத்தால் மாமா கணக்கில் அது வருமானமாக வரணும். மாமா காட்டலைன்னா ரெண்டு பக்கமும் ஒட்டாது. பொய்த் தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைச்சுக் காட்டினதாக முடிவானால், மிச்சம் பிடிச்ச வரியோட அதைப் போல ரெண்டு மடங்கு அபராதம், மேலே வட்டி. உண்மையாகவே அப்பா அம்மாவுக்கு வாடகை கொடுத்து, அவங்க அதைக் கணக்கில் காட்டினால் எந்தத் தப்பும் இல்லை. பேங்க் வழியாகக் கொடுங்க, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு வெண்டர் அனுப்புற பெட்டி வேற ரகம். ஸ்வீட் பாக்ஸ் பரவாயில்லை, ஃப்ளோரில் வச்சால் பத்து நிமிஷத்தில் காலி. கிஃப்ட் வவுச்சர், வெள்ளிக் காசுன்னு உங்க வீட்டு அட்ரஸ் கேட்டு வந்தால் அங்கேதான் அந்த கட்டில் மேல வச்ச பொட்டலம் நிற்குது. முகத்தில் அடிச்ச மாதிரி மறுக்க வேண்டாம். "சார், எங்க கம்பெனி பாலிசி, எச்ஆருக்கு மெயில் போட்டுட்டு ஆபீஸுக்கே அனுப்பிடறேன், தப்பா நினைச்சுக்காதீங்க"ன்னு ஒரு போன். அதே நாளில் மேனேஜருக்கும் எச்ஆருக்கும் ரெண்டு வரி மெயில். பின்னாடி அந்த வெண்டரோட பில்லை நீங்க நிறுத்தி வைக்க வேண்டி வந்தால், குரல் நடுங்காமல் நிறுத்தி வைக்கலாம்.

வாங்கிக்கவும் செய்யணும், கடனும் படக்கூடாதுன்னா அதுக்கும் கலாம் ஒரு வழி வச்சிருந்தார். 2014-ல் ஈரோட்டைச் சேர்ந்த ஒரு கிரைண்டர் நிறுவனம் ஆதரவு கொடுத்த விழாவுக்குப் போனார். நினைவுப் பரிசாக மாவு அரைக்கும் வெட் கிரைண்டர் ஒண்ணைக் கொடுத்தாங்க. முதலில் மறுத்தார். வற்புறுத்தினதும் வாங்கிக்கிட்டார். மறுநாள் கடையில் அதன் விலை என்னன்னு விசாரிக்கச் சொல்லி, அதே தொகைக்குத் தன் சொந்தக் கணக்கிலிருந்து செக் எழுதி அனுப்பிட்டார். ஐஏஎஸ் அதிகாரி ஒருவர் பகிர்ந்துகொண்டதுதான் இது.

கம்பெனிக்காரங்களுக்குக் கலாம் கையெழுத்துப் போட்ட செக்கை பேங்கில் போட மனசு வருமா? போடலை. இந்த இடத்தில்தான் எனக்கு, ஒரு சிஏவாக, எழுந்து நின்னு கைதட்டணும்னு தோணும். நாம கொடுத்த செக் இன்னும் பாஸ் ஆகாமல் இருந்தால், பேங்க் ரீகன்சிலியேஷனில் அதைத் தனி வரியாக எழுதி ஏன்னு விசாரிக்கணும். எண்பது வயசைத் தாண்டின முன்னாள் ஜனாதிபதி அதைச் செஞ்சிருக்கார். தன் கணக்கிலிருந்து பணம் போகலைன்னு பார்த்துட்டு, அவர் அலுவலகத்திலிருந்து கம்பெனிக்கு போன்: செக்கை உடனே போடுங்க, இல்லைன்னா கிரைண்டர் திரும்பி வரும்.

அவங்க செக்கை ஜெராக்ஸ் எடுத்து ஃப்ரேம் போட்டு மாட்டிட்டு, அசலை பேங்கில் போட்டாங்க.